அச்சு வந்து சேரும்வரை

ஜூலை 28, ஞாயிறு. அமரில்லோ

இந்த நோட்டு ட்ரெய்லர் வீட்டுக்காக வாங்கியது. ஓடிய மைல், டயர்க் காற்று, எந்த ஊரில் தண்ணீர் பிடித்தோம், எங்கே கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டோம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்தால் பின்னால் உதவும் என்று விற்ற ஆள் சொன்னார். பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பதிவேடு எழுதுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாலஸிலிருந்து 362 மைல். டயர் நான்கும் சரி. தண்ணீர் முழுத் தொட்டி.

போகிற இடம் கிராண்ட் கேன்யன். மிருதுளாவுக்குப் பதினாறு ஆகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் காலேஜ் என்று கிளம்பிவிடுவாள், அதற்குள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது ஊர் சுற்ற வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மகாராணி காலையிலிருந்து காதில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் தூங்குகிறாள். கோகிலா வழி முழுக்க முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல அவள் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன். என் மாமனார் நாச்சிமுத்துவுக்கு எழுபத்தெட்டு வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் மகன் சென்னியப்பனோடு இருக்கிறார். அத்தை போய்ப் பதினான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து கோகிலா ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. "ஊட்டையே வண்டிக்குப் பொறத்தாண்ட கட்டி இழுத்துட்டுப் போறீங்களாக்கும்? மாப்பிள்ளைய இறங்கறப்ப மெதுவா உடச் சொல்லு கண்ணு" என்றார். நடுவில் இருமினார். ஆடிக் காற்றில் தூசி என்றார்.

ஜூலை 29, திங்கள். ஆல்பகர்க்கி

இறக்கத்தில்தான் போனது. நகரத்துக்குப் பன்னிரண்டு மைல் முன்னால் மலையிடுக்கில் வண்டி கீழே இறங்கும்போது பின்னால் புகை. வலது பின்சக்கர பேரிங் எரிந்து அச்சின் முனையையே தின்றுவிட்டது. கிளம்பும் முன் கிரீஸ் வைத்தேனா என்று கோகிலா கேட்கவில்லை. நான் வைக்கவில்லை.

இழுவை வண்டி வந்து நகரத்துக்குள் ஒரு ட்ரெய்லர் பூங்காவில் கொண்டுவந்து போட்டது. சுற்றிலும் இதே மாதிரி நாற்பது ஐம்பது வீடுகள், வரிசையாக. கிழக்கே மலை. ஒரு மரம்கூட நிழல் என்று சொல்லும்படி இல்லை.

சாயங்காலம் ஏழே முக்காலுக்கு, இன்னும் வெயில் இருக்கும்போதே, சென்னியப்பன் கூப்பிட்டான். நான் தண்ணீர்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அக்கா பக்கத்துல இருக்குதுங்களா?"

"உள்ள இருக்கா. ஏன் மாப்ள?"

"சித்தெ தள்ளிப் போங்."

தள்ளிப் போனேன். அங்கே செவ்வாய் விடியற்காலை ஐந்தரைக்கு மாமா காப்பி கேட்டிருக்கிறார். கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவனால் அழக்கூட முடியவில்லை, இருபது பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

"அக்காகிட்ட இப்பச் சொல்லாதீங்க மச்சான். அது ஓடியார நெனைக்கும். வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. நீங்க ஊடு போய்ச் சேந்ததும் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு பெரியப்பாவும் சொல்றாருங்."

சரி என்றேன். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எடுத்தவுடனே சொல்லமாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்பார்கள், சீரியஸ் என்பார்கள், வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரியும். என் அப்பா இறந்தபோது எனக்கும் அப்படித்தான்.

தவிர, விசா. கோகிலாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை முடிந்து இரண்டு வருடமாகிறது. இங்கேயே இருக்கும்வரை ஒன்றுமில்லை. வெளியே போனால், திரும்பி வரச் சென்னையில் நேர்முகத்துக்குத் தேதி வாங்க வேண்டும். என் ஆபீஸில் ஒருவரின் மனைவி அப்படிப் போய் எட்டு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

உள்ளே வந்தேன். "யாருங் போன்ல?" என்றாள்.

"மெக்கானிக்" என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஐந்து மணிக்கு எழுந்து பூங்காவின் குளியலறைக் கட்டடத்துக்குப் போனேன். அங்கே சாயங்காலம் நாலரை தாண்டியிருந்தது. சென்னியின் மகன் போனில் நேரலையாகக் காட்டினான். கடைசிவரை பார்த்தேன். காற்று பேயாக அடித்தது. நெருப்பு பிடிக்காமல் இரண்டு பேர் தென்னங்கீற்றைத் தூக்கி மறைத்துக்கொண்டு நின்றார்கள், அப்புறம்தான் பற்றியது. ஷவர் ஒன்றைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன். எனக்கு அவர் மாமனார் மட்டுமில்லை. நான் வேலையில்லாமல் இருந்தபோது பெண் கொடுத்த மனுஷன்.

அதற்கு முன்னால் சென்னி கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அனுப்பியிருந்தான். பேர்கள் எல்லாம் சரியா பாருங்க என்று கேட்டிருந்தான். மகள் கோகிலவாணி, மருமகன் குழந்தைவேல், பேத்தி மிருதுளா, அமெரிக்கா. சரி என்று பதில் போட்டேன்.

திரும்பி வந்தபோது கோகிலா உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நேரமாங் குளிக்கறதுக்கு?" என்றாள். வெந்நீர் வர நேரமானது என்றேன்.

மெக்கானிக் வந்து பார்த்தார். அச்சையே மாற்ற வேண்டுமாம். இண்டியானாவிலிருந்து வர வேண்டும். எட்டு நாள், பத்து நாள்.

ஜூலை 31, புதன்

அச்சுக்கு ஆர்டர் போட்டாயிற்று. ட்ரெய்லர் ஒரு பக்கம் மரக்கட்டைமேல் நிற்கிறது. உள்ளே நடந்தால் எல்லாம் லேசாக இடது பக்கம் சரிகிறது. வெயில் 98.

சொந்தக்காரர்கள் யாரும் கோகிலாவுக்குப் போன் பண்ணக்கூடாது, எதுவும் அனுப்பக்கூடாது என்று சென்னியிடம் சொல்லிவிட்டேன். அவளை விட்டுவிட்டு வேறு குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள்.

பக்கத்து ட்ரெய்லரில் டோலோரெஸ் என்று எழுபது வயது அம்மாள், ஒரு நொண்டி நாயோடு. வந்து கதவைத் தட்டி ஒரு தட்டு நிறைய சோள ரொட்டி கொடுத்தார். கோகிலா பதிலுக்கு முறுக்கு கொடுத்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கோகிலாவின் ஆங்கிலத்துக்கு அது சாதனை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மிருதுளாவுக்குத் தெரிந்துவிட்டது.

துணி துவைக்கும் அறைக்குப் போயிருந்தேன். பின்னாலேயே வந்தாள். போனை நீட்டினாள். சென்னியின் மகன் அப்புச்சி படத்தைப் போட்டு மாலை போட்டிருக்கிறான். அப்புச்சி என்றால் எங்கள் ஊரில் அம்மாவின் அப்பா. இந்தப் பிள்ளை பேசுகிற தமிழில் உருப்படியாக வருகிற வார்த்தைகளில் அது ஒன்று.

"அப்பா, திஸ் இஸ் ஃபேக், ரைட்?"

இல்லை என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் கண்ணு. இப்பச் சொன்னா அம்மா தாங்கமாட்டா."

"அவங்க அப்பா, அப்பா!"

துணி சுற்றுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினேன். பதினாறு வயதுப் பிள்ளையிடம். என் வேலைக்கு அவளையும் ஆள் சேர்த்தாயிற்று.

"எவ்வளவு நாள் நான் நார்மலா இருக்கணும்?" என்று கேட்டாள். அச்சு வரும்வரை என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கழிவுத் தொட்டி காலி செய்தது. டயர்க் காற்று பார்க்க அவசியமில்லை, நிற்கிற வண்டிக்கு என்ன காற்று.

காலையில் கோகிலா தலைக்குக் குளித்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. இந்த ஊர்த் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மெக்கானிக் வாடகைக்குக் கொடுத்த கம்பி அடுப்பில் கோழி சுட்டேன். அவள் தொடவில்லை, தயிர்சாதம் போதும் என்றாள். சமைக்கிற மூன்று அடி இடத்தில் ஒரு சின்ன விளக்கு ஏற்றிவைத்திருந்தாள். கேஸ் பக்கத்தில் என்ன விளக்கு என்று சத்தம் போட்டேன். எடுத்து ஜன்னலோரம் வைத்தாள், அணைக்கவில்லை.

மிருதுளா பகல் முழுக்க டோலோரெஸின் நாயோடு வெளியே இருக்கிறாள். அம்மா இருக்கிற இடத்தில் இருக்க முடியவில்லை அவளுக்கு. எனக்கும்தான், ஆனால் நான் எங்கே போவது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எந்த ஊரில் இருந்தாலும் கோகிலா ஆறேழு வகைச் சோறு கட்டி, தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போவாள். ஒரு வருடம் டாலஸில் வெறும் மழைநீர்க் குட்டைக்குப் போனோம். புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வாள். இந்த முறை ஒன்றும் செய்யவில்லை. அடுப்புச் சின்னது என்றாள். நானே வற்புறுத்தி நகரத்துக்கு நடுவில் ஓடுகிற ரியோ கிராண்டேவுக்குக் கூட்டிப்போனேன். பேர்தான் பெரிய ஆறு. செம்மண் நிறத்தில் முழங்கால் அளவு.

பூ வைத்துக்கொள்ளவில்லை. கயிறும் மாற்றவில்லை. கைக்குட்டையில் கொஞ்சம் அரிசி முடிந்து வந்திருந்தாள். கரையில் குனிந்து, கையைப் பின்புறமாகத் திருப்பி, மூன்று தடவை தண்ணீரில் விட்டாள். மிருதுளா திரும்பி நின்றுகொண்டாள். வாத்துக்குப் போடுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் வாத்து எதுவும் இல்லை.

வரும்போது காரில், "குரூப்ல அஞ்சு நாளா ஒருத்தரும் குட் மார்னிங்கூடப் போடலீங்" என்றாள்.

"எல்லாருக்கும் வேலை" என்றேன். "ஆடி மாசமில்ல."

"ஆமாங், ஆடி மாசம்" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த நாளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். சென்னியோடு பேசி, அப்பா போன் கிணற்றில் விழுந்துவிட்டது, அவர் பழனிக்குப் போயிருக்கிறார் என்று கதை ஜோடித்து வைத்திருந்தோம். அவசியமே வரவில்லை. சாயங்காலம் அவளாகவே, "இன்னைக்கு அப்பாவுக்குப் போன் வேண்டாமுங். தலைவலி" என்று படுத்துவிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

அச்சு கான்சாஸ் தாண்டவில்லை. மழை, கால்மணி நேரம், ஆலங்கட்டியோடு. கூரையில் பெட்ரூம் பக்கம் ஒழுகல்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நகரத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். போகலாம் என்றேன். கோகிலா வரவில்லை என்றாள். கோயில் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் நிற்கிறவள். அவளுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டுக்குத் தீட்டு என்பது எனக்குத் தெரியும், அப்புறம் ஏன் கூப்பிட்டேன்? எல்லாம் எப்போதும்போல இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது, அதனால். அவள் வராதது ஒருவகையில் நல்லதாயிற்று.

அதற்குப் பதிலாகச் சந்தை. இந்த ஊரில் பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாக இரும்புக் கூண்டில் போட்டு, கீழே தீ மூட்டிச் சுற்றுகிறார்கள். தெருவே நெடி. மூன்று பேரும் இருமிக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நின்றோம். கோகிலாவுக்கு நிற்கவே இல்லை. கூண்டு ஓய்ந்து, அந்த ஆள் மிளகாயைப் பையில் கொட்டிக் கட்டி முடித்த பிறகும் அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மிருதுளா போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மிளகாய் விற்கிற ஆள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

களைப்பாக இருக்கிறது. பொய் சொல்வது இவ்வளவு உடம்பு வலிக்கிற வேலை என்று தெரியாது.

ஆகஸ்ட் 7, புதன்

அச்சு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மெக்கானிக் பழைய அச்சைக் கழற்றினார். நான் போல்ட் பிடித்துக் கொடுத்தேன். மதியம் துணி எடுக்கப் போனபோது டோலோரெஸ் அங்கே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் மனைவியின் அப்பாவை நினைத்து தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவள்தான். போன வாரம் வியாழக்கிழமை என் வாசல் படியில் வந்து உட்கார்ந்து சொன்னாள். நீங்கள் துணி துவைக்கப் போயிருந்தீர்கள். பாவம், நடுவில் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. உங்கள் பாஷையிலேயே பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்றார்.

இல்லை என்றேன். துணியை மடித்தேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

வியாழன் என்றால் ஏழு நாள். ஏழு நாளாக அவளுக்குத் தெரியும். நான் கோழி சுட்டபோது தெரியும். ஆற்றங்கரையில் தெரியும். நான் "ஆடி மாசமில்ல" என்றபோது தெரியும்.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே போனேன். கோகிலா என் பனியனில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு இடம் விடுவதுபோல நகர்ந்து உட்கார்ந்தாள். நான் அச்சு பொருத்தியாயிற்று, நாளைக்குக் கிளம்பலாம் என்று சொன்னேன்.

"சரிங்" என்று மறுபடி ஊசியைப் பிடித்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முடிந்ததை முடிந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மிருதுளாவை நாயோடு அனுப்பிவிட்டேன். வெளியே மெக்கானிக் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். கோகிலா சாப்பாட்டு மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"கோகிலா, மாமா போயிட்டாரு."

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தலையை ஆட்டுவாள், கொஞ்சம் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். கீரைத் தட்டு கீழே போயிற்று. "எங்கப்பா!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், இருபது வருடத்தில் அவளிடம் நான் கேட்டிராத சத்தம். மார்பில் அடித்துக்கொண்டாள். எங்களூரில் எழவு வீட்டில் பெண்கள் எப்படிச் சொல்லிச் சொல்லி அழுவார்களோ அப்படி, தன் அப்பா தனக்கு வாங்கிக் கொடுத்த பாவாடையிலிருந்து ஆரம்பித்துப் பாட்டாக அழுதாள். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் டோலோரெஸ். மிருதுளா ஓடிவந்து கதவருகே நின்றாள். கோகிலா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அரைமணி நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள்.

"உனக்குப் போன வாரமே தெரியும்ல" என்றேன்.

"தெரியுமுங். பெரியப்பா மக சுமதி ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தா. அப்பா படம், கண்ணீர் அஞ்சலி, அடியில எம்பேரு. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நான் அழுதுட்டேன்னு ஊருக்குள்ள ஒட்டிட்டாங்க."

அந்தப் பேர்களைச் சரி என்று சொன்னவன் நான். அதையும் சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது.

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா சொல்லியிருப்பீங்க. கேக்காம நீங்களாச் சொல்லோணும்னு இருந்துச்சு. நீங்க சொல்லாம நான் எப்பிடீங் அழுவறது? இந்தப் புள்ளையும் வாயப் பொத்திட்டுத் திரியறா. அவளப் பாக்கறதா, என் வெசனத்தப் பாக்கறதா?" மிருதுளாவின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். கோபம்கூட இல்லை குரலில். எனக்குச் சுமை இறங்கியதுபோல் இருந்தது. இதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். யார் குளிப்பாட்டினார்கள், என்ன வேட்டி கட்டினார்கள், பெரியப்பா வந்தாரா. சொன்னேன்.

"நல்ல காத்தடிச்சிருக்குமே. எப்பிடீங் பத்த வெச்சாங்க?"

"ரெண்டு பேரு தென்னங்கீத்தத் தூக்கி மறச்சுப் புடிச்சுட்டு நின்னாங்க. அப்புறந்தான் புடிச்சுது."

அவள் கை மிருதுளாவின் தலையில் நின்றுவிட்டது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் குனிந்து கீழே சிந்திய கீரையைப் பொறுக்கினேன்.

"பாத்தீங்களா?"

"போன்ல. அந்தச் செவ்வாய்க்கெழம காலையில. குளிக்கற எடத்துல."

"எங்க, காட்டுங்."

"நேரலை கோகிலா. அப்ப மட்டுந்தான். அது இல்ல இப்ப."

அவள் ஜன்னலோர விளக்கின் பக்கம் திரும்பினாள். "அங்க இல்லாமப் போனதுக்கு விசாவக் காரணஞ் சொல்லிக்கலாம். நான் எங்கப்பன் மொகத்தக் கடைசியாப் பாக்காம இங்க, கூப்புடு தூரத்துல படுத்துத் தூங்கிட்டிருந்தேன். அதுக்கு என்னங் காரணஞ் சொல்றது?"

அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இந்தப் பெண் எட்டு நாள் தனியாகத் தாங்கிக்கொண்டு எனக்குத் தயிர்சாதம் பிசைந்து போட்டிருக்கிறாள். தாங்கமுடியாதவன் நான். அவள் அழுதால் பார்க்க முடியாதவன் நான். போனால் திரும்பி வரமாட்டாளோ என்று பயந்தவனும் நான். அவளுக்காகச் செய்தேன் என்று இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன்.

"கருமாதி பதினாலாந்தேதியா?" என்றாள்.

"ஆமா."

"டிக்கெட் போடுங். நான் போறேன்."

"கோகிலா, விசா..."

"தெரியுமுங்."

மிருதுளா எழுந்து உட்கார்ந்து தன் போனில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் விமான நிலையம். எந்த ஊருக்குப் போனாலும் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப்போகிற பழக்கம் உதவியது. கோகிலாவிடம் இந்தப் பயணத்துக்கென்று எடுத்துவந்த நாலு சுடிதார் தவிர வேறு துணி இல்லை. டோலோரெஸ் தன் கறுப்புச் சால்வையைக் கொடுத்தனுப்பினார். உள்ளே போகும்வரை மிருதுளா அம்மாவை விடவில்லை. கோகிலா என்னிடம், "மாத்திர மறக்காமச் சாப்புடுங்க. இறக்கத்துல மெதுவா ஓட்டுங்க" என்றாள். அவ்வளவுதான்.

கேன்யன் வேண்டாம் என்று மிருதுளா சொல்லிவிட்டாள். கிழக்கே திருப்பினேன். அந்த மலையிடுக்கில் இப்போது ஏற்றம். ஐந்தாறு மைலுக்கு ஒருதரம் நிறுத்தி அச்சைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை.

மிருதுளா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். காதில் எதுவும் மாட்டவில்லை. சான்டா ரோஸா தாண்டியதும், "இனிமே எங்கிட்ட யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லாதீங்கப்பா" என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள். டாலஸ்

மொத்தம் 1,312 மைல். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி இரண்டும் காலி. ட்ரெய்லரை வீட்டுக்குப் பின்னால் நிறுத்திக் கட்டை வைத்தாயிற்று.

கோகிலா கோயமுத்தூரில் இறங்கிவிட்டதாகச் சென்னி சொன்னான். வாசலில் கால் வைத்ததும் மயங்கி விழுந்து எழுந்தாளாம். அவள் சொல்லவில்லை, அவன்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 14, புதன். டாலஸ்

காலை ஒன்பது மணிக்குக் கோகிலாவே கூப்பிட்டாள். அங்கே விளக்கு வைத்த நேரம். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தமும் ஆட்கள் பேச்சும். கருமாதி நல்லபடியாக முடிந்தது, நானூறு பேர் சாப்பிட்டார்கள் என்றாள். மிருதுளாவுக்கு ஸ்கூல் திறந்துவிட்டதா, என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். ரசம் என்றேன்.

நேர்முகத்துக்குத் தேதி கிடைக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். "பாக்கறனுங்" என்றாள்.

"சீக்கரம் கெடைக்கலீன்னா?"

"கெடைக்கறப்பக் கெடைக்கட்டும்."

நான் கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் கேட்டேன். "வந்துருவேல்ல?"

"வருவனுங், வராம எங்க போறேன்" என்று உடனே சொன்னாள். லேசாகச் சிரித்தாள்கூட. போனை வைத்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினோரு நாள் நான் அவளிடம் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.